கண்டக்டரின் நாவலுக்கு நான் டிரைவர்

எனக்கு எழுபத்துநாலு வயது. வயிற்றில் பெற்றது நாலு, தங்கச்சி விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்துக்கும் அம்மை போட்டது. ஐந்துக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். ஒருத்தன் துபாய்க்குப் போகிறேன் என்று மும்பை வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். அப்போதெல்லாம்கூட நான் அலுத்துப்போய் உட்கார்ந்ததில்லை. என்னை உட்கார வைத்தவர் ஒரே ஒருத்தர். கண்டக்டர். ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து ஓர் ஆயுசில் தராத அலுப்பை ஒரே மழைக்காலத்தில் தனி ஆளாகத் தந்தவர். உலகத்தில் நாவல் எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் ஒரு தெருவையே எழுந்து நிற்க வைத்து நாவல் எழுதியவர் அவர்தான். இதை எந்தக் கோயில் வாசலில் நின்று வேண்டுமானாலும் சொல்வேன்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டு மாடி அறைக்கு வாடகை பேச வந்த அன்றைக்குச் சொன்னார். அடுத்த நிமிஷமே அது மறந்துபோனது. ஏனென்றால் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்த தெருப் பிள்ளைகளைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அதற்கப்புறம் வேறு எந்தப் பெயர் அவருக்கு ஒட்டும்?

கவர்ன்மென்ட் பஸ்ஸில் ஆயுசு பூராவும் நின்றே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். தோளில் அந்தப் பழைய தோல் பை. சட்டைப் பையில் விசில். காதில் பேனா. எதை எடுத்தாலும் கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் எடுப்பார். அடுக்கி வைத்த தோசையைக்கூட டிக்கெட் கிழிக்கிற மாதிரி விரலை நனைத்துத்தான் எடுத்தார். உட்கார மாட்டார். சாப்பிடுவதும் நின்றபடியேதான், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"எதுக்குங்க உங்களுக்கு ரூம்பு?" என்று கேட்டேன்.

"நாவல் எழுதணும்மா."

"அதுக்கு மரக்காணம் எதுக்கு?"

"அமைதியா இருக்கும்னு சொன்னாங்க. உப்பளத்த பாத்தாப்ல ஜன்னல் இருக்குதாமே?"

அப்புறம் விஷயத்தைச் சொன்னார். மனைவி இல்லை. ஒரே மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ரிட்டையர் ஆன நாளிலிருந்து இவர் நாவல் எழுதுகிறேன், நாவல் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க, மகனுக்குப் பொறுமை போய்விட்டது. சென்னையில் ஒரு பதிப்பகக்காரர், கார்த்திகை முடிவதற்குள் முழுக் கதையும் கைக்கு வந்தால் எடுத்துக்கொள்கிறேன், பாதிக் கதைகளை வாங்கி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது என்று சொல்லியிருந்தாராம். அதையே மகன் கெடுவாகப் பிடித்துக்கொண்டான். அதற்குள் எழுதி முடித்தால் அப்பா இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். முடிக்கவில்லை என்றால் பேப்பரையும் பேனாவையும் மூட்டை கட்டிவிட்டு பெங்களூர் ஃப்ளாட்டுக்கு வந்து பேசாமல் இருக்க வேண்டும்.

"போனா என்னங்க? புள்ள வூடுதானே?" என்றேன்.

"ஒரு தபா போய் இருந்தேம்மா. லிஃப்ட்ல ஏறினா ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. எங்க எறங்கணும்னு கேட்டா மொறைக்கறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார். பிடிக்கக் கம்பி கிடைக்காத ஆள் மாதிரி. நான் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அது ஐப்பசி மழை பிடித்த நேரம். உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. தை பிறந்து பாத்தி காய்கிற வரைக்கும் எங்கள் தெருவில் யாருக்கும் வேலை கிடையாது. வேலை இல்லாத தெருவுக்கு ஒரு நாவல்காரர் வந்தால் சும்மா விடுவார்களா? எதிர்வீட்டு பாக்கியம் அன்றைக்கே தெருவைக் கூட்டிவிட்டாள்.

பாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு வாருகிறதில் அவளுக்கு ஈடு கிடையாது. தொண்டையிலும்தான். அவள் பாத்தி வரப்பில் நின்று புருஷனைக் கூப்பிட்டால் கடலுக்குப் போன படகு திரும்பிப் பார்க்கும். அவள் தெருவுக்குச் சொன்னது இதுதான்:

"எழுதறதுன்னா உப்பு பூக்கற மாதிரிடி. பாத்தியில ஆடை கட்டும்போது ஒரு கல்லு வுழுந்தா இன்னா ஆவும்? எல்லாம் பொடியாப் போயிடும். அந்த மாதிரிதான் அவரும். ஒரு சத்தம் வரக்கூடாது, சொல்லிட்டேன்."

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உப்பு பூக்கிற பாத்தியில் நாங்கள் நிழல்கூட விழாமல் நடக்கிறவர்கள். தெரு அப்படியே வாயை மூடிக்கொண்டது. நாய்களுக்குத் தெருக்கோடியில் சோறு வைத்து அங்கேயே நிறுத்திவிட்டார்கள். காய்கறி வண்டிக்காரர் கூவக்கூடாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்தரிக்காயைத் தூக்கித் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். குழாயடிச் சண்டை ஜாடையில் நடந்தது. சத்தம் போடாமல் சண்டை போட்டால் கை வலிக்கும் என்பதை பாக்கியம் அப்போதுதான் தெரிந்துகொண்டாள். மூலை வீட்டுக்காரர் தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மாடியில் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் இந்த முட்டியை வைத்துக்கொண்டு காபி எடுத்துப் போகிறவள். தரையெல்லாம் கசக்கிய காகித உருண்டை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, தண்ணீர் நிற்கும் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இன்னாங்க, ஓடுதா?"

"ஸ்டார்ட் ஆவுதும்மா. நகர மாட்டேங்குது."

முதல் வரியைப் படித்துக் காட்டுவார். "காலையில் முதல் பஸ் டிப்போவிலிருந்து புறப்பட்டது." நன்றாகத்தானே இருக்கிறது என்பேன். மறுநாள் போனால், "பனி மூடிய அதிகாலையில் முதல் பேருந்து புறப்பட்டது." அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்பேன். அதற்கு மறுநாள், "அன்று பஸ் புறப்படவில்லை." எனக்கு எல்லாம் ஒரே பஸ்ஸாகத்தான் தெரிந்தது. வாரக்கணக்கில் அந்த பஸ் டிப்போவை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு நாளும் நான் மாடி ஏறி இறங்கியதைச் சேர்த்தால் பெருமுக்கல் மலைக்கே போய்ச் சாமி கும்பிட்டு வந்திருக்கலாம். புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

நாளாக ஆக அவர் முகம் ஒடுங்கிப்போனது. தோசையை விரல் நனைக்காமலே எடுத்தார். ஒருநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே வந்து நின்றார்.

"காலி பண்ணிக்கறேம்மா. மகனுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். என்னால ஆவல."

"இன்னும் நாள் கெடக்குதேங்க?"

"நாள் கெடக்குது. கதைதான் இல்ல."

குடையைக் கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன செய்ய? பாக்கியம் எதிர்வாசலில் நின்று சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் இருந்து பழகிவிட்டது.

என் பேத்தி கயல்விழி திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறாள். அன்றைக்கு அவளும் அவர் ஏறிய பஸ்ஸில்தான் போனாள். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள்.

"ஆயா! கண்டக்டர் தாத்தா பஸ்ல எழுதறாரு!"

"எழுதறாரா? ஊருக்குப் போயிருப்பாருடி."

"எங்க போனாரு? காலைல நின்னுக்கினே எழுத ஆரம்பிச்சவரு, திண்டிவனத்துல எறங்கவே இல்ல. அதே பஸ்ல திரும்பிட்டாராம். இப்ப நான் ஏறினா அதே எடத்துல நின்னு எழுதிக்கினு இருக்காரு. பரீட்ச அட்டைய கம்பியில சாய்ச்சுக்கினு!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் அவரே வந்து நின்றார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது, பேப்பர் மட்டும் நனையவில்லை. தோல் பைக்குள்ளிருந்து ஒரு கட்டு எடுத்தார். கட்டை விரலை நாக்கில் தொட்டார். எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"பிரம்மதேசம் வர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம், பெருமுக்கல் வர்றதுக்குள்ள ஒண்ணும்மா!"

நின்றபடியே விளக்கினார். பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டேஜ் வந்ததும் கண்டக்டர் கணக்கை மூடி எழுதிவிட வேண்டுமாம். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று போட்டு மூடிவிட்டால் மூடியதுதான். அப்புறம் அதைத் தொடக்கூடாது.

"சரியோ தப்போ, ஸ்டேஜ் வந்தா க்ளோஸ் பண்ணிடணும்மா. பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்துக்கினு போய், 'அந்த பாசஞ்சர் மூஞ்சி சரியா அமையல, மறுபடியும் ஏத்து'ன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுதான்."

"அதான். மேல ரூம்ல ஸ்டேஜே வரல. யாரும் ஏறல, யாரும் எறங்கல. ஒரு இருமல் சத்தம்கூட கேக்கல. அந்த அமைதியில எனக்கு மண்டையே வெடிச்சிடும் போல இருந்துச்சு."

"அத மொதல்லயே சொல்லக்கூடாதாய்யா?" எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கொஞ்சம் இறங்கும்.

"எப்பிடிம்மா சொல்றது? ஒரு தெருவே எனக்காக வாய மூடிக்கினு கெடக்குது."

பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன். அவளுக்குத் தாங்கவில்லை. "யக்கா, இத்தினி நாளா என் புருஷன நான் ஒரு வார்த்த திட்டல. அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நின்றுபோனதையெல்லாம் சேர்த்துத் திட்டி முடித்தாள். தெரு பழையபடி மூச்சு விட்டது.

அதற்கப்புறம் கண்டக்டரின் குடியிருப்பு பஸ்தான். ரிட்டையர் ஆனவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. காலையில் ஏறுவார். பின்படிக்குப் பக்கத்தில், அவர் ஆயுசெல்லாம் நின்ற அந்த இடத்தில் நிற்பார். சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். ஜனங்கள் இவரையே கண்டக்டர் என்று நினைத்து, "ரெண்டு பெருமுக்கல்" என்று காசை நீட்டுவார்கள். இவர் கதையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கி, நிஜ கண்டக்டரிடம் தள்ளிவிடுவார். அந்தத் தம்பி இளவயசு. முதலில் முறைத்தானாம். அப்புறம், "சார், நேத்து அந்த டீச்சர் எறங்கினாங்களே, என்ன ஆச்சு?" என்று கதை கேட்க ஆரம்பித்துவிட்டான்.

ஒருநாள் மாறுதலுக்கு ஈசிஆர் ரோட்டில் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"ரோடு ரொம்ப வழுவழுன்னு இருக்குதும்மா. கீழ்புத்துப்பட்டு வர்ற வரைக்கும் ஒரு குலுக்கல் இல்ல. கதையில எல்லாரும் தூங்கிட்டாங்க."

எனக்கு வேலை குறைந்தது என்று நினைக்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டும். பஸ் கொஞ்ச நேரம்தான் நிற்கும். இந்த ஆள் அந்த நேரத்தில் சாப்பிட மாட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு கதை சொல்லுவார்.

"அம்மா, முருக்கேரில ஒரு பொண்ணு ஏறிச்சு. அழுவுது. ஏன்னு தெரியல."

"நீங்க மொதல்ல சாப்புடுங்க. அதுக்கும் பசியா இருக்கும்."

"ஓவர்லோடு ஆயிடிச்சும்மா. கதையில ஆள் ஜாஸ்தி."

"நாலு பேர எறக்கி வுடுங்களேன்."

"டிக்கெட் எடுத்துட்டாங்களேம்மா!"

பஸ் கிளம்பிவிடும். காலி வாளிக்காக அடுத்த நடை வரும் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்க வேண்டும். நாவல் எழுதுகிறவருக்கு முட்டி வலிக்காதாம். நாவலுக்குச் சோறு போடுகிறவளுக்குத்தான் வலி.

சாயங்காலம் கயல்விழிக்கு வேறு வேலை. குலுங்குகிற பஸ்ஸில் நின்று எழுதிய எழுத்து, மழைக்கு ஓடிய நண்டு மாதிரி பக்கமெல்லாம் ஓடியிருக்கும். அவருக்கே படிக்க வராது. அந்த ரோட்டில் தினமும் போய்வருகிறவள் கயல்விழி. "இது அந்தப் பெரிய பள்ளம் தாத்தா, இங்க பேனா குதிச்சிருக்குது. இது 'அன்பு'ன்னு நெனைக்கறேன்" என்று பள்ளத்தை வைத்து எழுத்தைக் கண்டுபிடித்து நல்ல பேப்பரில் எழுதுவாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அன்புன்னு நான் எழுதலியே. அண்டான்னு எழுதினேன்" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும் பாப்பா, அன்பே இருக்கட்டும். ஸ்டேஜ் தாண்டியாச்சு" என்பார்.

இப்படியே கதை திண்டிவனத்தை நெருங்கிவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. கெடுவும் நெருங்கிவிட்டது. அப்போது வந்து சேர்ந்தது புயல் மழை.

எங்களுக்குப் புயல் புதிதில்லை. ஆனால் அந்த மழை ஏரியையும் ரோட்டையும் ஒன்றாக்கிவிட்டது. திண்டிவனம் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். பஸ் இல்லை. எப்போது ஓடும் என்று சொல்லவும் ஆளில்லை. பதிப்பகக்காரர் போன் செய்து, "நாளை சாயங்காலத்துக்குள் வந்தால் சரி, இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒருவர் நாவலை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்து மகன் பேசினான். "அப்பா, தண்ணி வடிஞ்சதும் கார் எடுத்துக்கினு வர்றேன். உங்க ரூம ரெடி பண்ணி வெச்சிட்டேன்." அவன் பாசமாகத்தான் சொன்னான். அதுதான் சங்கடம்.

கண்டக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். மாடிப்படியில் நின்று எழுதினார். துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பார்த்தார். கொடி அறுந்து என் புடவையோடு விழுந்தார். மறுநாள் மத்தியானம் நான் சாப்பாட்டோடு போனபோது, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பரீட்சை அட்டை மடியில் கிடந்தது. விசில் இருந்த சட்டைப் பையின் பித்தானை மாட்டியிருந்தார்.

"உக்காந்துட்டீங்களே?" என்றேன்.

"வண்டி நின்னுட்டா கண்டக்டரும் உக்காரலாம்மா."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, மழையோடு மழையாக எதிர்வீட்டுக்குப் போனேன். "பாக்கியம், அவரு உக்காந்துட்டாருடி" என்றேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"பஸ்ஸுதானே வேணும்? ஆளுங்க நாம இருக்கறோம். கூடம் உங்குளுது. ஏறிக்கலாம் வா யக்கா."

கொஞ்ச நேரத்தில் தெருவே எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டது. உப்பளத்துப் பெண்பிள்ளைகள் கூடையும் குடையுமாக வந்தார்கள். மூலை வீட்டுக்காரர் ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பஸ் என்றால் சேவல் இல்லாமல் எப்படி என்று அவருக்கு ஓர் எண்ணம். பாக்கியம் கண்டக்டரின் கையைப் பிடித்து இழுத்து கூடத்து ஜன்னலோரம் நிறுத்தி, கம்பியில் அவர் கையை வைத்தாள்.

"எஞ்சின் சத்தம் வேணுமே?" என்றாள் கயல்விழி.

அதுவும் கிடைத்தது. காலையில் கரண்ட் வந்ததும் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்தேன். கிரைண்டரைப் போட்டேன். எங்கள் கிரைண்டர் பழசு. தரையே அதிரும். கண்டக்டரின் பேனா அதிர்ந்தது. அதைப் பார்த்து அவர் கண் கொஞ்சம் திறந்தது.

"டிரைவர் யாரு?" என்று பாக்கியம் கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு வேற வேல இல்ல? மாவு தள்ளணும்" என்றேன்.

"மாவ தள்ளிக்கினே ஓட்டு. முன்னாடி உக்காரு யக்கா."

கிரைண்டர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார வைத்து, கையில் ஒரு அண்டா மூடியைக் கொடுத்துவிட்டார்கள். எழுபது தாண்டிய வயசில் மரக்காணத்தில் அண்டா மூடியைச் சுற்றிய பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அப்புறம் பாக்கியம் இடுப்பால் ஒரு இடி இடித்தாள். இடி வாங்கியவள் செல்வி. அவளுக்கும் பாக்கியத்துக்கும் குழாயடியில் ஒரு பழைய தகராறு, ஜாடையிலேயே பாதியில் நின்றுபோனது.

"ஏய், கால மிதிக்கற? கண்ணு தெரியல?"

"பஸ்ஸுன்னா அப்பிடித்தான் இருக்கும். சொகுசு வேணும்னா ஆட்டோவுல போ!"

"அன்னிக்கி என் கொடத்த தள்ளிட்டு நீ புடிச்சுக்கினு போனியே, அதுவும் பஸ்ஸா?"

அவ்வளவுதான். பொய் பஸ்ஸில் நிஜச் சண்டை ஏறிவிட்டது. கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. சேவல் கத்தியது. கண்டக்டர் நடுவில் நின்று இடி வாங்கினார். வாங்க வாங்க அவர் முதுகு நிமிர்ந்தது. காதிலிருந்து பேனாவை எடுத்தார். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, எடம் இருக்குது" என்று அவர் வாயே தானாகச் சொன்னது. எழுத ஆரம்பித்தார்.

நான் ஓட்டினேன். மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே ஓட்டினேன். எனக்குத் தோன்றியபோதெல்லாம் "பிரம்மதேசம்!" என்று கத்துவேன். அவர் அங்கேயே ஒரு கோடு போட்டு மூடிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவுவார். ஒரு தரம் தவறி, பாண்டிச்சேரி பக்கத்து ஊர் பெயரை, "இரும்பை!" என்று கத்திவிட்டேன். அது இந்த ரூட்டிலேயே இல்லை. "பரவால்லம்மா, சுத்திக்கினு போவலாம்" என்று அதற்கும் ஒரு பக்கம் எழுதினார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாவு எப்போதோ அரைபட்டு வெண்ணெயாகிவிட்டது. கிரைண்டர் சுட்டது. என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பாக்கியத்துக்குக்கூடத் தொண்டை கட்டிவிட்டது. நிற்கிறவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். அவர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். திண்டிவனம் வந்துவிட்டது என்று இரண்டு தரம் சொல்லியும் கேட்கவில்லை.

"திண்டிவனந்தாங்க, முடிங்க!"

"இன்னும் ரெண்டு பேரு எறங்க மாட்டேங்கறாங்கம்மா. அவங்களுக்கு என்ன சொல்லி முடிக்கறதுன்னு தெரியல."

அப்போது எனக்கு வந்த அலுப்பு, இருக்கிற அலுப்புக்கெல்லாம் அம்மா. அண்டா மூடியைத் தரையில் போட்டேன். கிரைண்டரை நிறுத்தினேன்.

"என்னா சொல்றது? வண்டி டிப்போவுக்குப் போவுது, எல்லாரும் எறங்குங்கன்னு சொல்லு! பொழுது போயிடுச்சு. அவங்கவங்க வூட்டுல உலை வெக்கணும்!"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, நான் சொன்னதை அப்படியே எழுதினார். அதற்குக் கீழே நீளமாக ஒரு கோடு போட்டார். சட்டைப் பை பித்தானைக் கழற்றி, விசிலை எடுத்து, ஒரே ஒரு விசில் நீளமாக ஊதினார்.

தெருவே கைதட்டியது. நான் தட்டவில்லை, கையில் மாவு.

கயல்விழி கடைசி அத்தியாயத்தையும் சேர்த்து எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து அனுப்பினாள். கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், "வந்துவிட்டது, முழுசாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அன்றைக்குத் தெரு முழுக்க எங்கள் வீட்டு மாவில்தான் தோசை.

தண்ணீர் வடிந்ததும் மகன் காரில் வந்தான். நல்ல பிள்ளை. என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "முடிச்சிட்டாராம்மா?" என்று நம்பாமல் கேட்டான். பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தான், குலுங்கிய எழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. கண்டக்டரே கடைசி அத்தியாயத்தைப் படித்தார், நின்றபடி. மகன் நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டான். பாதியில் அவனும் எழுந்து நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. முடிந்ததும், "சரிப்பா. நீங்க உங்க இஷ்டப்படி இருங்க. மாசத்துக்கு ஒரு தடவ மட்டும் வந்து மொகத்த காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லாம் முடிந்தது என்று நான் காபி போட எழுந்தேன். அப்போது கண்டக்டர் மெதுவாகச் சொன்னார்.

"இது மொதல் எழுத்துதாம்மா. சும்மா கரடுமுரடா எழுதறது. பதிப்பகத்துல சொல்லிட்டாங்க, இன்னும் ரெண்டு தபா முழுசா திருப்பி எழுதணும்."

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். முதல் பாராவில் சொன்னேனே, அந்த உட்காருதல்.

"இங்க இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார். "திருப்பி எழுதறதுக்கு வளைவு ரோடு வேணும். வந்த வழிய மேலேர்ந்து குனிஞ்சு பாக்கற மாதிரி. ஏற்காடு ரூட்டுல போய்ப் பாக்கறேன்."

தை பிறந்து பாத்தியை மிதித்துக் கெட்டியாக்க ஜனங்கள் உப்பளத்தில் இறங்கிய அன்றைக்குப் போனார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே தூக்குவாளியோடு போனேன். படியில் நின்றபடி கையை ஆட்டினார். படியில் நிற்காதீங்க என்று நான்தான் கத்தினேன்.

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். இதை எழுதி முடிக்க இத்தனை நாளாகிவிட்டது. பத்திரிகைக்கு எதற்கு என்று பாக்கியம் கேட்டாள். கண்டக்டர் இந்த மாதிரி வாரப் புத்தகங்களை பஸ்ஸில், பக்கத்தில் நிற்கிறவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் படிப்பார். எந்த மலை வளைவில் நின்றுகொண்டிருந்தாலும் இது அவர் கண்ணில் பட்டுவிடும். மாடி அறைக்கு மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள். ஆள் இருக்கிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கயலு, அந்த போன கீழ வெச்சுட்டு இங்க வா. எழுதின வரைக்கும் ஒரு தபா படிச்சுக் காட்டு. அவசரம் ஒண்ணும் இல்ல. அவரு பேசற எடம் வந்தா மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா படிடி.